தன்னைச் சோதித்துக்கொண்ட டிரிப்பர்

ஒரு குளியலறைச் சுவரில் ஹீட்டரும், அதற்குக் கரண்ட் விடும் டிரிப்பர் என்ற பாதுகாப்பு சுவிட்சும் இருந்தன. டிரிப்பர் அடிக்கடி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்.

"உன்மேல உனக்கே நம்பிக்கை இல்லையாப்பா?" என்று ஹீட்டர் சிரிக்கும்.

"கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்தணும். அதுக்குத் தெம்பு இருக்கான்னு பார்த்துக்கறேன்."

ஒரு நாள் காலையில் அந்தச் சோதனையில் டிரிப்பர் தோற்றுப்போனது.

"எனக்குத் தெம்பு போயிடுச்சு" என்றது.

ஹீட்டர் பதறியது. "சத்தம் போடாதே! தெரிஞ்சா உன்னைக் கழற்றி எறிஞ்சிடுவாங்க. பேசாம கரண்டை விடு."

"வைதேகியம்மா குளிக்க வர்ற நேரம். ஏதாவது ஆனா என்னால தடுக்க முடியாதே!" டிரிப்பர் கரண்டை நிறுத்திவிட்டுச் சிவப்பு விளக்கை ஏற்றிக்கொண்டது.

வைதேகி முணுமுணுத்துக்கொண்டே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அவர் புது டிரிப்பரை மாட்டி ஹீட்டரைப் போட்டதும் அந்த டிரிப்பர் பட்டென்று கரண்டை நிறுத்தியது. ஹீட்டரைத் திறந்து பார்த்தார்.

"உள்ள தண்ணியைச் சுடவைக்கிற காயில் வெடிச்சிருக்கும்மா. தண்ணியில கரண்ட் இறங்குது. பழைய டிரிப்பர் மட்டும் இன்னைக்குக் கரண்டை விட்டிருந்தா..."

வைதேகி சட்டென்று பின்வாங்கினாள்.

தனக்குள் இப்படியொரு வெடிப்பு இருப்பது ஹீட்டருக்கே தெரியாது. தரையில் கிடந்த பழைய டிரிப்பரை அது குனிந்துதான் பார்த்தது. ஆனால் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது.