முன் டயர்

"போட்டு ஆறு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள மொட்டை. ரேஸ் விடாம டயர் எப்படி மாப்பிள்ளை இப்படித் தேயும்?"

டயர் கடை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார் மாமனார். டிரைவிங் ஸ்கூல் வைத்து முப்பது வருஷம் ஆகிறது. பழக வருபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக், வாயில் ஓயாத கத்தல் என்று வண்டி கற்றுக் கொடுப்பவர். பழகினவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டாம் பிரேக்'.

மாப்பிள்ளை குனிந்து காரின் மேல் படிந்த தூசியைத் துடைத்தான். அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவனுக்கு உயிர். துடைக்கும் துணியைக்கூட அடுத்தவர் தொட விடமாட்டான்.

"எட்டு மாசக் கர்ப்பிணி, என் பொண்ணு, இதுலதான் ஆஸ்பத்திரிக்குப் போய் வரா. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"நாப்பதுக்கு மேல போறதே இல்லைன்னு சத்தியம் பண்ணினீங்க. மனுஷன் பொய் சொல்லுவான், டயர் சொல்லுமா? நாளைக்கு சாயங்காலம் புரோக்கர் ஆள் கூட்டிட்டு வரான். டயரை மாத்தி, வண்டியைத் தள்ளி விட்டுட்டு, அடக்கமா நாலு கதவு வெச்சது ஒண்ணு வாங்குங்க."

மாப்பிள்ளை காரை ஒரு தடவை பார்த்தான்.

"சரி மாமா. குடுத்துடறேன்."

இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று மாமனார் நினைக்கவில்லை. ஒரு மணி நேரச் சண்டைக்குத் தயாராக வந்தவருக்குக் கொஞ்சம் சப்பென்று போய்விட்டது.

"ஏம்ப்பா, நீயே சொல்லு. வேகமா ஓட்டித் தேஞ்சதுதானே இது?" என்று டயர்காரரையும் சாட்சிக்கு இழுத்தார்.

டயர்காரர் முன் சக்கரம் இரண்டையும் கழற்றிக் கீழே போட்டு, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"இந்த வண்டிக்குப் பின் சக்கரத்துலதான் இழுவை. மிதிச்சு விளையாடினா பின் டயர்தான் முதல்ல போகும். அதுவும் ஸ்போர்ட்ஸ் டயர், ரப்பர் மெத்துன்னு இருக்கும், சோப்பு மாதிரி கரையும். ஆனா பின்னாடி பாருங்க, பள்ளமெல்லாம் அப்படியே இருக்கு. முன் டயர்தான் ஓரம் ஓரமா அரிச்சிருக்கு. வண்டி நின்ன இடத்துலயே ஸ்டியரிங்கைப் போட்டு முறுக்கினா இப்படி ஆகும். இதோ, நடைபாதைக் கல்லுல உரசின தழும்பு. ஒண்ணா ரெண்டா?"

"அதனால?"

டயர்காரர் தலையைச் சொறிந்தார். "உங்க ஸ்கூல் வண்டி என்கிட்டதானே வருது சார். அச்சு அசல் அதே தேய்மானம். இதுல யாரோ வண்டி பழகறாங்க."

மாமனார் குனிந்து பார்த்தார். முப்பது வருஷமாகத் தினம் பார்க்கிற தழும்புதான். ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது.

"யாருக்கு மாப்பிள்ளை கத்துக் குடுக்கறீங்க? அதுவும் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது?"

மாப்பிள்ளை திருதிருவென்று முழித்தான்.

"என் பொண்ணுக்கா? இந்த நிலைமையிலயா?"

"ஐயோ, அவளுக்கு இல்ல மாமா."

"ஸ்டெப்னியையும் பாத்துடலாம்" என்று டயர்காரர் டிக்கியைத் திறந்தார். மேலே கிடந்த ஒரு குஷனை எடுத்து ஓரமாக வைத்தார். நீலப் பூப்போட்ட குஷன். மூலையில் ஒரு டீக் கறை.

அந்த டீயைக் கொட்டியதே மாமனார்தான். வீட்டு சோபாவில் இருந்த குஷன் அது. எங்கே என்று கேட்டதற்கு, "துவைக்கப் போட்டிருக்கேன்" என்றாள் மனைவி. ஒரு குஷனை நாலு மாசமாகவா துவைப்பார்கள் என்று இவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மனைவி குள்ளம். அடியில் ஏதாவது வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்தால் ரோடு தெரியாது.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் அவளுக்குக் கற்றுக் கொடுக்க உட்கார்ந்தார். தெருமுனை தாண்டுவதற்குள் அவள் அழுதுகொண்டே இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டாள். "ஊருக்கே கத்துக் குடுத்துட்டேன், இவளுக்கு மட்டும் ஜென்மத்துக்கும் வராது" என்று இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"அத்தையாத்தான் கேட்டாங்க மாமா," மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான். "எனக்கு ஷிப்ட் வேலை. நீங்க காலையில கிளாஸுக்குப் போனா ராத்திரிதான் வர்றீங்க. திடீர்னு வலி வந்தா வீட்ல இருக்கிறவ நான்தானே, கூட்டிட்டுப் போகத் தெரிய வேண்டாமான்னாங்க. அடுத்த வாரம் டெஸ்ட். லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"அதுக்காக? உசுரா வெச்சிருக்கிற காரையே விக்கறேன்னு சொல்லுவீங்களா?"

"எந்த வண்டியா இருந்தா என்ன மாமா? அத்தைக்கு ஓட்டத் தெரிஞ்சாப் போதும்."

மாமனார் குஷனை எடுத்துத் தூசி தட்டினார். டிக்கியில் வைக்காமல், டிரைவர் சீட்டிலேயே வைத்தார். புரோக்கருக்குப் போன் போட்டு, "நாளைக்கு யாரையும் கூட்டிட்டு வராதேப்பா" என்று சுருக்கமாகச் சொல்லி வைத்தார்.

பிறகு டயர்காரர் காதில் விழாதபடி மாப்பிள்ளை பக்கம் நகர்ந்து, முப்பது வருஷத்தில் யாருமே கேட்டிராத அளவுக்குக் குரலைத் தணித்துக் கேட்டார்.

"எப்படி ஓட்டறா?"

"ரொம்ப நல்லா ஓட்டறாங்க மாமா. பக்கத்துல யாரும் கத்தலைன்னா."