முன் சீட்

"நான் முன்னாடி உக்காந்துக்கறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை, கதவைத் திறந்து உட்கார்ந்தும் விட்டாள் மாமியார்.

மருமகள் கையில் தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக வெயிலில் நின்றாள். கல்யாணமாகி முதல் வெளிநாட்டுப் பயணம். வாடகைக்கு எடுத்த குட்டிச் சிவப்புக் கார். புருஷன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஏரிக்கரை ஓரமாகவே போகவேண்டும் என்று டிக்கெட் போட்ட நாளிலிருந்து ஆசை.

"பின்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்துதும்மா," என்றாள் மாமியார், பெல்ட்டை இழுத்து மாட்டியபடி. "அந்தப் போனையும் கொடு. வழியை நானே பார்த்துச் சொல்றேன்."

"அத்தை, அந்த மேப் கொஞ்சம் குழப்பமா..."

"ஏன், எனக்குக் கண்ணு தெரியாதா?"

கணவன் வண்டியைக் கிளப்பினான். அவன் கவலை அவனுக்கு. ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி போவது வலது பக்கம், எல்லாமே நம்ம ஊருக்கு நேர் எதிர். ஓட்டல் வாசலில் திரும்பும்போது இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைத் தட்டிவிட்டான். மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே அது வறட் வறட்டென்று கண்ணாடியைத் தேய்த்தது.

மருமகள் பின் சீட்டில் பெட்டியோடு பெட்டியாக ஒடுங்கிக்கொண்டாள்.

நேற்று விமான நிலையத்திலிருந்து வரும்போது மாமியார் பின் சீட்டில்; முன் சீட் இவளுக்குத்தான். ஒரு திருப்பத்தைச் சொல்லத் தவறிவிட்டாள். "கண்ணு எங்கே இருக்கு உனக்கு? ஒரு வேலையாவது உருப்படியா செய்வியா?" என்று ஆரம்பித்தவன், ஓட்டல் வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. வீட்டில் அவன் பரம சாது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வேறு ஆள்.

அதனால்தான் இன்று காலையில் காபிகூடக் குடிக்காமல் ஒவ்வொரு திருப்பமாகப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். அசத்திவிடலாம் என்று.

எல்லாம் போச்சு.

"இங்கே திரும்புடா!"

திரும்பினான். பஸ் டிப்போ. மலை மலையாக நின்ற பஸ்களுக்கு நடுவில் குட்டிக் கார் திருதிருவென முழித்தது. ஒரு டிரைவர் வாயில் வைத்த ரொட்டியைக் கடிக்க மறந்து பார்த்தார்.

"ஐயையோ, தப்பாச் சொல்லிட்டேன் போலிருக்கே!"

கணவனின் வாய் திறந்தது. பக்கத்தில் இருப்பது அம்மா. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான்.

"பரவாயில்லம்மா."

மருமகள் பல்லைக் கடித்தாள். இதே நானாக இருந்திருந்தால்?

அடுத்த முறை ஏதோ வரிசையில் போய் நின்றார்கள். முன்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகப் படகுக்குள் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் இவர்களையும் வா வா என்று கையாட்டினார்.

"நல்லவேளைடா! கொஞ்சம் அசந்திருந்தா அக்கரைக்கே போயிருப்போம்!" மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பரவாயில்லம்மா. படகையும் பார்த்தாச்சு." அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கடுத்து ஒரு மாட்டுக் கொட்டகை. பசு ஒன்று ஜன்னலுக்குள் மூக்கை நீட்டி மாமியாரை மோந்து பார்த்தது.

"பரவாயில்லம்மா!" இந்தத் தடவை யோசிக்காமலே வந்தது.

பின் சீட்டில் புகை கிளம்பாத குறை. அம்மா ஊரையே சுற்ற வைத்தாலும் பரவாயில்லை. பெண்டாட்டி ஒரு திருப்பத்தை விட்டால் குற்றம். நல்ல நியாயம்!

பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, கணவன் காபி வாங்க உள்ளே போனதும் அவளால் அடக்க முடியவில்லை.

"அத்தை, தலை சுத்துறதுக்கு மாத்திரை தரேன். சீட்டை எனக்குக் கொடுங்க. நீங்க சொல்ற வழியில போனா ஏரியை நாளைக்குத்தான் பார்ப்போம்."

மாமியார் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மகன் இன்னும் வரிசையில்தான் நின்றான். பின்னால் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள்.

"தலை சுத்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல. டிப்போவுக்குப் போனோமே, அதுதான் நிஜமாவே தெரியாமச் சொன்னது. மத்த ரெண்டும் வேணும்னே."

"வேணும்னேவா?"

"டிப்போவுல வாயைத் திறந்தான் பாரு, எவ்வளவு கஷ்டப்பட்டு மூடினான்! மாட்டுக் கொட்டகையில தானா வந்துடுச்சு. இன்னும் ரெண்டு தடவை சொல்லட்டும், நாக்குல நல்லாப் படிஞ்சிடும். அப்புறம் சீட்டு உன்னுதுதான்."

மருமகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நேத்தே அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை?"

"கேட்டிருப்பேன். அந்தக் கோவத்தையும் ரூமுக்குப் போய் உன் மேலதானே காட்டுவான்?"

"இப்படியெல்லாம் செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

மாமியார் போனை மருமகளின் மடியில் வைத்தாள்.

"கல்யாணமான புதுசுல உங்க மாமாவும் நானும் காரை எடுத்துக்கிட்டு மலைக்குப் போனோம். வழி பூரா என்னைத் திட்டிக்கிட்டே வந்தார். பின் சீட்டுல என் மாமியார், தூங்கற மாதிரியே கண்ணை மூடிக்கிட்டு வந்தாங்க. நேத்து எனக்கு அப்படித் தூங்க வரலைம்மா."