பின்னாலிருந்து வந்த குரல்

“இது தேய்ச்சா போகுமா?”

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் இடத்தில் வைத்து ஒருத்தி கேட்டாள். கேட்டதோடு விடாமல், புதிதாக வந்தவளின் கறுத்த மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த விடுதியில் அவள் இனத்துப் பெண் அவள் ஒருத்திதான். ஊரோடு ஒத்துப் போ என்று சொல்லி அனுப்பியிருந்தாள் அம்மா. அதனால் அவளும் சிரித்து வைத்தாள்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் இன்னொரு வரி சொன்னது. சிரிப்பு கூரையைத் தொட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கேள்வியைக்கூட மறந்துவிடலாம் போலிருந்தது. அந்த வரியை மறக்க முடியவில்லை. பெற்றவளிடம்கூட அதை அவள் சொன்னதில்லை.

அக்காவிடமும் சொல்லவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. கடைசி வருட மாணவி, சமத்துவ மன்றத்தின் தலைவி. அவள் தனியாகச் சாப்பிடும் மேசையில், எதிரே தட்டைக் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்த முதல் ஆள். கேள்வியை மட்டும் அவள் சொன்னபோதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நான் மட்டும் அங்க இருந்திருந்தா, அவளுங்கள உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பேன்டி.”

வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற வயது. நம்பினாள்.

சமத்துவ விழாவுக்கு அதையே நாடகமாகப் போடலாம் என்றதும் அக்காதான். உன் கதையை நீயே நடி என்றாள். முடிவில் அந்தப் பெண் பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்று இரண்டு நாள் யோசித்து அவளே கண்டுபிடித்தாள்: போகாது, போகவும் வேண்டாம்.

வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறக்கிறவள், குளியலறைச் சுவரைப் பார்த்து அதைச் சொல்லிச் சொல்லித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டாள். மேடையில் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அன்றைக்குக் கூட்டத்துக்குப் பின்னால் நின்றவளும் அரங்கில் எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள். அவள் காதிலும் விழும்.

விழா அன்று ஒப்பனை அறையில், கண்ணாடிக்கு முன்னால் அவளை உட்கார வைத்தார்கள்.

“கல்யாணப் பொண்ணு கெட்டா போ, இப்படி நடுங்குற. கைய நேரா வைம்மா” என்றார் ஒப்பனைக்காரர்.

அவளுடைய புறங்கையில் ஒரு கலவையைத் தடவினார். சிவப்பு தூக்கலாக இருந்தது, துடைத்தார். அடுத்தது சாம்பல் பூத்தது, அதையும் துடைத்தார். மூன்றாவது அவள் தோலோடு தோலாகக் கலந்து, தடவிய இடமே தெரியாமல் போயிற்று.

“பிடிச்சுட்டேன்!” அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை. “சரி எழுந்திரும்மா. நடிக்கிற பொண்ண உக்காரச் சொல்லு.”

ஆள் தெரியாமல் சொல்கிறார் என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினால், கதவருகே அக்கா. இவளுக்கென்று தைத்த நாடக உடையில்.

“கோவிச்சுக்காத குட்டி. நீ பேசுறது பின்வரிசைக்குக் கேக்கவே மாட்டேங்குது. பெரிய மனுஷங்க எல்லாம் வர்றாங்க. யார் சொன்னா என்ன, உன் கதைதானே?”

அவள் வாய் திறப்பதற்குள் கையில் பஞ்சும் எண்ணெய்க் கிண்ணமும் வந்துவிட்டன. நாடகம் முடிந்த கையோடு அக்கா மேடையேறி உரை நிகழ்த்த வேண்டும். அதற்குள் முகத்தில் பூசியதை எடுக்க வேண்டும். நம்பிக்கையான ஆள் பக்கத்தில் இருந்தால் தேவலையாம்.

மேடை ஓரத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

ஒருத்தி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்துக் கேட்டாள். அரங்கம் மூச்சுவிடவில்லை. அப்போது, நாடகக் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் ஒத்திகையில் இல்லாத ஒரு வரியைச் சொன்னாள்.

“துணி சோப்பு போட்டுப் பாருங்கடீ!”

அரங்கம் தன்னை மறந்து சிரித்துவிட்டது.

கிண்ணத்தில் எண்ணெய் தளும்பியது. அதே வரி. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

அக்கா முன்னால் வந்து கையை உயர்த்தினாள். “போகாது! போகவும் வேண்டாம்!”

பின்வரிசை வரை கேட்டது. பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

மூச்சிரைக்க ஓடி வந்த அக்கா முகத்தை நீட்டினாள்.

“சீக்கிரம் தேய், இப்பக் கூப்பிட்டுடுவாங்க. ‘துணி சோப்பு போட்டுப் பாருங்கடீ!’ எப்படி எடுபட்டுச்சு பாத்தியா? காலையிலதான் ஞாபகம் வந்து சேத்தேன். அன்னிக்கும் நான் அதச் சொன்னதுக்குத்தான்டி எல்லாரும் விழுந்து விழுந்து...”

அக்காவின் வாய் அங்கேயே நின்றது.

இவ்வளவு நாளும் அவள் திரும்பிப் பார்க்காத குரல், ஒரு முழம் தள்ளி எதிரே நின்றுகொண்டிருந்தது.

அவள் பஞ்சை எண்ணெயில் நனைத்தாள். நெற்றியில், கண்ணோரத்தில், கன்னத்தில் நிதானமாகத் தேய்த்தாள். பாதி முகம் வெளுத்து வந்தது.

தேய்த்தால் போனது.

மேடையில் அக்காவின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அக்கா அவசரமாக மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். பஞ்சை அதற்குள் போட்டாள். பின்படி இறங்கிப் போனாள்.