கட்டிலின் மறுபக்கம்

“உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? அதை மட்டும் சொல்லுங்க.”

லிஃப்ட் மெக்கானிக் போட்ட போடில் எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது. மனைவியையோ கணவனையோ பறிகொடுத்தவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் மூன்றாவது மாடி அறை அது. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் ஆலோசகர், சின்னப் பெண்.

“இன்னும் ஆகலைங்க சார்.”

“அப்போ பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் எப்படித் தூங்கணும்னு எனக்குப் பாடம் எடுக்காதீங்க. புக்கைப் படிச்சுட்டு யார் வேணா பேசலாம். பட்டிருக்கணும்!”

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் விடவில்லை.

“லிஃப்ட்ல மாட்டினவங்களை நீங்க எத்தனை தடவை வெளியில எடுத்திருப்பீங்க! நீங்க என்னைக்காவது உள்ள மாட்டியிருக்கீங்களா சார்?”

“அது மெஷின்மா. இது அப்படியா?”

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. மனைவி போனதிலிருந்து கண்ணை மூடினால் தூக்கம் வருவதில்லை. வேலைக்கு நடுவில் கண் அசந்து மேலிருந்து விழப் பார்த்தார். “நல்லாத் தூங்கி எழுந்து வாங்க, அப்புறம் பார்க்கலாம்” என்று கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள். தூக்கம் வந்தால்தான் வேலை என்றாகிவிட்டது.

“இந்த அக்கா சொல்லட்டும். பட்டவங்க. நான் கேட்டுக்கறேன்” என்று எதிரே இருந்த தையல்காரம்மாவைக் காட்டினார்.

தையல்காரம்மா வாரம் தவறாமல் வருவார். எல்லாரும் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். வாயை மட்டும் திறக்கவே மாட்டார். எல்லாரும் தன்னையே பார்க்கவும், கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

“நான் என்னத்தைச் சொல்ல, தம்பி?”

“சும்மா சொல்லுங்கக்கா.”

“அவங்க கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பாங்க?”

“ஜன்னல் பக்கம்.”

“இனிமே நீங்க அந்தப் பக்கம் படுங்க. உங்க பக்கத்தைக் காலியா விடுங்க. ராத்திரி புரண்டு கை போட்டா, காலியா இருக்கிறது உங்க இடமாத்தான் இருக்கும். அவங்க இடம் காலியாத் தெரியாது. எங்க வீட்ல அப்படிச் செஞ்சப்புறம்தான் தூக்கமே வந்துச்சு.”

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. ஆலோசகர் பக்கம் திரும்பினார்.

“பார்த்தீங்களா? இதுதான் பட்டவங்க பேச்சு. இது எந்தப் புக்லம்மா இருக்கு?”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயித்த தையல்காரம்மாவும் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று இரவு ஜன்னல் பக்கம் படுத்தவர் விடிந்துதான் எழுந்தார். சில நாளில் வேலையும் திரும்பக் கிடைத்தது.

அடுத்த கூட்டத்துக்குக் கையில் டூல் பையோடு நேரே வேலையிலிருந்து வந்தார். மூன்றாவது மாடியில், லிஃப்ட் வாசலில் ஆலோசகப் பெண் பதறிக்கொண்டு நின்றாள்.

“சார், நல்லவேளை வந்தீங்க! யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்க!”

அவர் கதவில் வாயை வைத்துக் கத்தினார்.

“பயப்படாதீங்க! கதவைத் தள்ளாதீங்க! காத்து வரும், மூச்சு முட்டாது. அப்படியே தரையில உட்காருங்க!”

“வெளியில நின்னுக்கிட்டு வாய் கிழியப் பேசுறது சுலபம்யா!” உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் சீறியது. “நீ உள்ள மாட்டியிருக்கியா?”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். ஆலோசகர் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தாலாவது தேவலை என்று தோன்றியது.

“மாட்டினதில்லைங்க” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “ஆனா எடுத்துடுவேன். நான் சொல்றதைக் கேளுங்க.”

பிறகு அவளிடம், “அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா அந்த அக்கா பட்டவங்க. அதனாலதான் அவங்களால அப்படிச் சொல்ல முடிஞ்சுது” என்றார்.

மேலே ஓடி, மோட்டார் அறையில் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். மூச்சிரைக்க இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே தரையில் தையல்காரம்மா. அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்தபடி, வியர்த்து விறுவிறுத்து ஒரு மனிதர்.

“அக்கா! நீங்களா? இவரு யாரு?”

“என் வீட்டுக்காரர்.”

மெக்கானிக்குக்குக் குப்பென்று கோபம் ஏறியது. “புருஷனை உயிரோட வெச்சுக்கிட்டா எங்களோட வந்து உட்காந்தீங்க?”

தையல்காரம்மா கூனிக் குறுகிப் போனார். “அவரு போயிட்டார்னு நான் ஒருநாளும் சொல்லலை, தம்பி. நீங்களா நினைச்சுக்கிட்டீங்க, நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுவும் பொய்தான். நான் இவருக்கு ரெண்டாந்தாரம். போனவங்களைப் பத்தி இவரு யார்கிட்டயும் வாய் திறக்கிறதில்லை. இங்க கூப்பிட்டாலும் வரலை. அதான் இவருக்குப் பதிலா நான் வந்து கேட்டுட்டுப் போனேன். இன்னைக்குத்தான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்.”

“அப்போ அந்தக் கட்டில் யோசனை?”

“அது இவரு செஞ்சது. இன்னும் அவங்க படுத்த பக்கத்துலதான் படுக்கிறாரு” என்ற தையல்காரம்மா, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “இவரு காலியா விட்ட பக்கத்துலதான் நான் படுத்திருக்கேன். ராத்திரி புரண்டு கை போட்டாலும், இவருக்கு அது இன்னும் காலிதான்.”