ஐயாவுக்குப் பிடித்த ஜிலேபி

டாக்டர் குணசேகரனின் முதலாண்டு நினைவு நாள் படையலுக்கு, கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு கிலோ ஜிலேபியோடு வந்த வெள்ளைச்சாமி திகைத்து நின்றார். படத்துக்கு முன்னால் ஏற்கெனவே ஏழெட்டு ஜிலேபிப் பொட்டலங்கள்! கொண்டுவந்தவர்கள் எல்லாரும் அவரைப் போலவே, சர்க்கரை நோயில் போகவிருந்த தங்கள் கால்களை டாக்டர் கையால் காப்பாற்றிக்கொண்டவர்கள்.

“ஏங்க எல்லாரும் ஜிலேபியாவே வாங்கியாறீங்க?” என்று கேட்டார் டாக்டரின் மனைவி சுகுணா.

“ஐயாவுக்கு உசுராச்சேம்மா! வார்டுல என் தலைமாட்டுல பொட்டலத்தைப் பாத்துட்டா, ‘எனக்குக் குடுய்யா’ன்னு கேட்டு வாங்கிட்டுப் போயிருவாரு.”

“அவரா? காப்பிக்கே சீனி போட விடமாட்டாரு. இனிப்புன்னாலே கொமட்டும் அவருக்கு.”

வெள்ளைச்சாமி விழித்தார். “அப்ப அம்புட்டு ஜிலேபியும் எங்கிட்டுப் போச்சு?”

“எங்க ஹாஸ்டலுக்கு!” என்று சிரித்தார், டாக்டரிடம் படித்து இப்போது வெள்ளைச்சாமிக்கு வைத்தியம் பார்க்கும் பிரகதீஸ்வரி. “கால்புண்ணுக்கு இருபது வருஷம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச மருந்தே இதுதான்னு கிளாஸ்ல சொல்லுவாரு. நோயாளிங்ககிட்டத் திங்காதேன்னா ஒளிச்சு வச்சுத் திம்பாங்களாம். எனக்குக் குடுங்கன்னா மனசாரக் குடுத்துருவாங்களாம்.”

கூடமே சிரித்தது. சூடம் காட்டி முடிந்த கையோடு, படையல் பிரசாதம்தானே என்று வெள்ளைச்சாமி தன் பொட்டலத்தை மெல்லப் பிரித்தார்.

எதிரே ஒரு கை நீண்டது. “ஐயா, எனக்கு ஜிலேபின்னா உசுரு” என்றார் பிரகதீஸ்வரி.

வெள்ளைச்சாமி பொட்டலத்தோடு கொடுத்துவிட்டார்.

“இந்தாங்க. ஐயாவே வந்து கேக்குறப்ப இல்லேன்னு சொல்ல முடியுமா?”