மாமனுக்குப் பத்திரிகை

கூழ் அரைக்கும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, மரநாரை மெல்லும் கிருமிகளைக் காகித ஆலை வேலைக்கு வைத்தது. அவை தொழிலாளி அர்த்தநாரியின் கையிலும் குடியேறிவிட்டன. அவர் தொட்ட காகிதமெல்லாம் கூழானது.

அதனால் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு மைத்துனன் பொன்னுச்சாமி வீட்டுக்குக் கையுறை போட்டுக்கொண்டு போனார். தாய்மாமன் வராமல் கல்யாணம் நடக்காது.

“என்னைத் தொட்டா ஒட்டிக்குங்களா மச்சான்? கையுறையைக் கழட்டிட்டுக் குடுங்க. இல்லாட்டி நான் வரலீங்க.”

கழற்றிவிட்டுக் கொடுத்தார். பொன்னுச்சாமியின் உள்ளங்கையில் மஞ்சள் கூழ் வழிந்தது.

அவன் அதைத் தாம்பாளத்தில் பரப்பி வாசல் வெயிலில் வைத்தான்.

“காயட்டுங்க மச்சான். காஞ்சாத்தான் பத்திரிகை. அப்புறம் வர்றேன்.”

மேற்கே வானம் கறுத்தது. அர்த்தநாரி ஒரு குடையைக் கேட்டு வாங்கி, தாம்பாளத்துக்கு மேல் விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்தார்.