கட்டாயம் சொல்ல வேண்டிய பதில்

"பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் மேலாளர்.

"உங்க பீரோவுல சார்" என்றாள் சுருட்டைமுடிக்காரி.

"ஐயோ, ஐயோ!" மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு நாளா கரடியா கத்துறேன். 'என்கிட்டதான் இருக்கு மேடம்'னு சொல்லணும். எங்கே, சொல்லு பார்ப்போம்."

"என்கிட்டதான் இருக்கு மேடம்."

"முறைச்சுக்கிட்டே சொல்லாதே. கொஞ்சம் சிரி."

சட்டை தைக்கும் ஆலை அது. கடல் தாண்டி வேலைக்கு வந்த இருபத்தாறு பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றிருந்தார்கள். வந்து இறங்கிய அன்றே, "பத்திரமா வெச்சிருக்கேம்மா" என்று எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டிய புண்ணியவான்தான் இந்த மேலாளர். அப்படியொரு பத்திரம், உரியவர்களே கேட்டாலும் கிடைக்காது.

சுருட்டைமுடிக்காரி இரண்டு வயதில் விட்டுவந்த மகளுக்கு இப்போது ஆறு வயது. ஒப்பந்தம் முடிந்தே இரண்டு வருஷமாகிவிட்டது. "ஊருக்குப் போகணும் சார், பாஸ்போர்ட்டைக் குடுங்க" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில், சட்டை வாங்கும் கம்பெனியின் பெயரில் மின்னஞ்சல் வந்திருந்தது. 'உங்கள் ஆலையில் யாரையும் அடிமையாக வைத்து வேலை வாங்குகிறீர்களா என்று பார்க்க, வியாழக்கிழமை எங்கள் பெண் ஆய்வாளர் வருகிறார்.' படித்த நாளிலிருந்து மேலாளர் நடத்தும் ஒத்திகைதான் இது. அடிமைகள் இல்லை என்ற சான்றிதழ் வராவிட்டால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் முதலாளி இவரைச் சும்மா விடுவாரா?

"அடுத்த கேள்வி. உங்களை யாராவது கட்டாயப்படுத்தி வேலை வாங்குறாங்களா?"

பதிலையும் மேலாளரே சொன்னார்.

"'யாரும் கட்டாயப்படுத்தல'ன்னு எல்லாரும் கட்டாயம் சொல்லணும். சொல்லாதவங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் வேலை உண்டு. புரியுதா?"

"புரியுது சார்" என்றன இருபத்தாறு குரல்கள்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் சுருட்டைமுடிக்காரி. "பாஸ்போர்ட் என்கிட்ட இருக்குன்னு சொன்னதும், 'எங்கே, காட்டு'ன்னு அந்த மேடம் கேட்டாங்கன்னா?"

இது மேலாளருக்குத் தோன்றவே இல்லை.

"நல்லவேளை, ஞாபகப்படுத்தினே! வியாழக்கிழமை காலையில எல்லாருக்கும் எடுத்துக் குடுத்துடறேன். மேடம் வண்டி கிளம்பினதும் மறுபடி என் கைக்கு வந்துடணும். என்ன?"

"சரிங்க சார்" என்றாள் அவள். இந்த முறை சொல்லாமலே சிரித்தாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். கறுப்புக் கோட்டு, தடித்த கண்ணாடி, கையில் ஃபைல். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. நேராகப் பெண்கள் தங்கும் விடுதிக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன பூட்டு?"

"திருடன் பயம் மேடம்."

"வெளிப்பக்கமால்ல பூட்டுவீங்க போலிருக்கு?"

"திருடன் வெளியிலேர்ந்துதானே மேடம் வருவான்!"

ஆய்வாளர் எதையோ எழுதிக்கொண்டார். மேலாளர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

தையல் ஹாலில் விசாரணை ஆரம்பித்தது. சுருட்டைமுடிக்காரி பாஸ்போர்ட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "என்கிட்டதான் இருக்கு மேடம்" என்று சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. மற்றவர்களும் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார்கள்.

ஆய்வாளர் ஃபைலைப் பட்டென்று மூடினார்.

"எல்லாரும் ஒரே பதிலைச் சொல்றாங்களே? நீங்க எதிர்ல நின்னா இவங்க எப்படிப் பேசுவாங்க? வெளியில கூட்டிட்டுப் போய்த் தனியா விசாரிக்கணும். விதி அப்படித்தான். பஸ்ஸோடதான் வந்திருக்கேன்."

"இருபத்தாறு பேரையுமா மேடம்?"

"ஏன், இங்கேருந்து யாரும் வெளியில போகக் கூடாதா?"

"ச்சே, ச்சே! யார் வேணா எப்ப வேணா போகலாம் மேடம். நாங்க யாரையும் தடுக்கிறதே இல்ல." சொன்னதோடு நிற்காமல், தானே ஓடிப்போய் கேட்டை அகலத் திறந்துவிட்டார். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, ஒவ்வொருத்தியாக எண்ணி பஸ்ஸில் ஏற்றினார். வாட்ச்மேன் அடித்த சல்யூட்டில் அவனுடைய தொப்பியே கீழே விழுந்தது.

பஸ் போன கையோடு, சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"வாழ்த்துகள் சார்! 'இந்த ஆலையில் அடிமை என்று ஒருவர்கூட இல்லை'ன்னு சான்றிதழ் அனுப்பிட்டோம். மெயில் பாருங்க."

"அதுக்குள்ளயா! மேடம் இப்பத்தானே விசாரிக்கவே கூட்டிட்டுப் போறாங்க?"

"எந்த மேடம்? நாங்க யாரையும் நேர்ல அனுப்புறதே இல்லையே சார். போன மாசம் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'ன்னு டிக் அடிச்சு ஒரு படிவம் அனுப்புனீங்களே, அது போதும் எங்களுக்கு."

மேலாளர் திரும்பிப் பார்த்தார். ஹாலில் இருபத்தாறு மெஷின்கள் மட்டுமே இருந்தன. சான்றிதழில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

தூதரகத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்த பஸ்ஸில், தன்னைக் கட்டிப்பிடித்து அழுத சுருட்டைமுடிக்காரியின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி கண்ணாடியைக் கழற்றினாள் அந்த 'மேடம்', கம்பெனி பெயரில் மின்னஞ்சல் அனுப்பியவள், போன வருஷம் அந்த ஆலைச் சுவரேறிக் குதித்துத் தப்பியவள். "அடையாளம் கண்டுபிடிச்சுடுவான்னு நீ ஏன்டி பயந்தே? மூணு வருஷம் அந்த ஆள் எதிர்லயே உட்கார்ந்து காலர் தைச்சேன், ஒரு நாளாவது நம்ம மூஞ்சியைப் பார்த்திருப்பானா?"